காவிரிப் படுகையின் காணாமற்போன பேருயிர்: பிருஹத்காயோசாரஸ் வகைப்பாட்டின் வரலாறு

1980களின் பிற்பகுதியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சிறப்பு வெளியீட்டுத் தொகுதி ஒன்றில் ஆறு பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் அத்துறையைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும். அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்த, இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கல்லமேட்டில் கிடைத்த சில எலும்புகளை விவரித்து, அவை ஊன் தின்னும் டைனோசர் ஒன்றினுடையவை என்று அவர்கள் எழுதினார்கள். விலங்குக்கு வைத்த பெயர் பிருஹத்காயோசாரஸ் மாட்லேயி. கட்டுரையின் ஆண்டை 1987 என்று சிலரும் 1989 என்று சிலரும் குறிக்கிறார்கள். இன்று, உலகில் வாழ்ந்த மிகப் பெரிய நிலவிலங்கு எது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் இந்தப் பெயரும் கூடவே எழுகிறது. பெயர் இருக்கிறது, அளவுகள் இருக்கின்றன, எடைக் கணக்கும் இருக்கிறது. எலும்புகள் மட்டும் இல்லை.

ஊன் உண்ணி என்று தொடங்கி, தழையுண்ணி என்று மாறி, கல்மரமாக இருக்குமோ என்ற ஐயத்துக்கு உள்ளாகி, மீண்டும் தழையுண்ணியாக நிலைபெற்ற இந்த விலங்கின் வகைப்பாட்டுப் பயணத்தை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. அழிந்துபோன ஓர் உயிரின் வகைப்பாடு, மறுபடி எடுத்துப் பார்க்கக்கூடிய எலும்பு ஒன்று எங்கோ பத்திரமாக இருப்பதைப் பொறுத்தது. விலங்கின் பருமனோ கிடைத்த எலும்புகளின் எண்ணிக்கையோ அதற்கு ஈடாகாது. வட இந்தியாவின் இராட்சத வாலில்லாக் குரங்கின் வரலாற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

நெல்வயலுக்கு அடியில்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாக வடக்கே சென்று திருமானூர்ப் பாலத்தில் கொள்ளிடத்தைக் கடந்தால் சிறிது தூரத்தில் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. வண்டல் முடிந்து மேட்டுநிலம் தொடங்குகிறது. மக்காச்சோளம், பருத்தி, முந்திரி. அதற்குமேல் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் லாரிகளும். தென்கரையும் வடகரையும் வேறு வேறு உலகம்போலத் தோன்றினாலும் நிலவியல் கணக்கில் இரண்டும் ஒரே படுகைதான். இந்தியத் துணைக்கண்டம் அண்டார்க்டிகாவை ஒட்டிய நிலத்திலிருந்து பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் பிளந்து தாழ்ந்த பள்ளங்களில் ஒன்று காவிரிப் படுகை. அதன் மேற்கு ஓரம் அரியலூர், பெரம்பலூர் பக்கம் தரையில் தலைகாட்டுகிறது. அதே கிரெட்டேசியஸ் காலப் பாறைகள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வயல்களுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கின்றன.

அவ்வளவு ஆழத்தை எட்டிப் பார்த்தது எண்ணெய்க் கிணறுகள் மட்டுமே. அதனால் படுகையின் அடுக்குகளுக்கு டெல்டாவிலும் அதன் அக்கம்பக்கத்திலும் உள்ள ஊர்களின் பெயர்களே அமைந்துவிட்டன: குடவாசல் களிப்பாறை, நன்னிலம் அடுக்கு, புவனகிரி அடுக்கு, ஆண்டிமடம் அடுக்கு, கமலாபுரம் அடுக்கு, நிரவி மணற்கல். பேருந்துப் பலகையிலும் நெல் கொள்முதல் நிலையத்திலும் பார்த்துப் பழகிய பெயர்கள் கடலடிச் சேற்றின் வயதைக் குறிக்கப் பயன்படுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

மேலே கிடக்கும் வண்டலோ மிக இளையது. டைனோசர் காலத்தை விடுங்கள், வாலில்லாக் குரங்குகள் ஆசியாவில் பெருகியிருந்த மயோசீன் காலத்தைக்கூட டெல்டா மண்ணில் தோண்டித் தேட முடியாது. அக்காலத்து அடுக்குகள் இங்கே பெரும்பாலும் கடலடிப் படிவுகள். தரையில் தெரியும் கடலூர் மணற்கல் திருவக்கரையில் கல்மரங்களைக் காத்து வைத்திருக்கிறது. ஆனால் செம்பூராங்கல்லாக மாறும் அப்படிப்பட்ட மண்ணில் எலும்பு நிற்பதில்லை. காரைக்காலில் ஆழக் கிணறு தோண்டியபோது மேலே வந்த கிளிஞ்சல்களைப் பிரெஞ்சு அறிஞர் கோஸ்மான் 1900 முதல் விரிவாக எழுதினார். அவையும் கடல்வாழ் உயிர்களே. எனவே டெல்டாவின் பேருயிர்களைத் தேடுபவர் கொள்ளிடத்தின் வடகரைக்குத்தான் போயாக வேண்டும்.

கிளிஞ்சலிலிருந்து எலும்புக்கு

அரியலூர்ப் பகுதியின் தொல்லுயிர் ஆய்வு நெடுங்காலம் கடல் உயிர்களின் ஆய்வாகவே இருந்தது. 1840களில் கேயும் கன்லிஃபும் திரட்டியவற்றை லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். எச். எஃப். பிளான்ஃபோர்டு பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862இல் எழுதினார். அப்பிரிவுதான் சிற்சில திருத்தங்களோடு இன்றும் வழக்கில் உள்ளது. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1873 வரை தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அம்மோனைட்டும் சிப்பியும் நத்தையும் அங்கே அவ்வளவு மலிவு.

அரியலூர்த் தொகுதியைக் கீழிருந்து மேலாகச் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்று நான்காகப் பகுக்கிறார்கள். இவற்றில் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்தான் சிமென்ட் ஆலைகளின் தீனி. கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியுமாக உருவானது கல்லமேடு அடுக்கு. கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியனைச் சேர்ந்தது. ஏறக்குறைய 7 கோடி ஆண்டுக்கும் 6.6 கோடி ஆண்டுக்கும் இடைப்பட்டது. டைனோசர்கள் மறைவதற்குச் சற்று முந்தைய உலகம்.

இங்கே டைனோசர் எலும்புகளைப் பற்றி முறையாக எழுதியவர் சார்லஸ் ஆல்ஃபிரட் மாட்லே. ஜபல்பூர் அகழ்வுகளால் பெயர் பெற்ற அவர், திருச்சி மாவட்டத்து டைனோசர்கள் குறித்து 1929இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்த புதிய விலங்கின் பெயரில் ‘மாட்லேயி’ என்று அவரை நினைவுகூர்ந்தார்கள்.

ஊன் உண்ணியா, தழையுண்ணியா

யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்தவை: இடுப்பின் இலியம், இஸ்கியம் எலும்புகள், தொடை எலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்னங்கையின் ஆரை எலும்பு, வால் முள்ளெலும்பு ஒன்றின் பகுதி. கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். தொடை எலும்பின் கீழ்முனை அகலம் 75 சென்டிமீட்டர். இலியத்தின் நீளம் 1.2 மீட்டர். படங்களாகக் கொடுக்கப்பட்டவை கோட்டோவியங்கள். உறுப்பமைப்பு விவரிப்பும் சுருக்கம். இவற்றைக் கொண்டு அவர்கள் விலங்கைக் கார்னோசார் வகையில், அதாவது அல்லோசாரஸ் போன்ற ஊன் உண்ணிகளின் கூட்டத்தில் சேர்த்தார்கள்.

இந்த முடிவு நெடுநாள் நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. டிரனோசாரஸ் ரெக்ஸின் கீழ்க்கால் எலும்பே சுமார் 1.1 மீட்டர்தான். இரு காலில் ஓடி இரை பிடிக்கும் விலங்குக்கு 2 மீட்டர்க் கீழ்க்கால் என்றால் அதன் உடல் என்ன ஆகும் என்று எண்ணினாலே போதும். 1990களின் நடுவில் சங்கர் சாட்டர்ஜி இது நீண்ட கழுத்துத் தழையுண்ணியான சோரோபாட் என்று கருத்துத் தெரிவித்தார். 2004இல் டைனோசர் ஆய்வின் பெரும் கையேடான ‘தி டைனோசாரியா’ இரண்டாம் பதிப்பு இதை டைட்டனோசார்களின் வரிசையில் வைத்தது. ஜபல்பூர் முதல் அர்ஜென்டினா வரை தென்கண்டங்களில் பரவியிருந்த தழையுண்ணிக் கூட்டம் அது.

இதற்கிடையே வேறோர் ஐயம் கிளம்பியது. இவை எலும்புகள்தானா, கல்மரத் துண்டுகளா? கோட்டோவியத்தை மட்டும் பார்த்துக் கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்லமேட்டுக்கு எட்டும் தொலைவில், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. அதன் துண்டு ஒன்றையும் பெரிய விலங்கின் கால் எலும்பையும் மங்கலான கோடுகளில் வரைந்தால் தேர்ந்த கண்ணும் தடுமாறலாம். எலும்பைக் கையில் எடுத்துக் குறுக்கு வெட்டை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரே நாளில் தீரக்கூடிய கேள்வி. பார்ப்பதற்கு எலும்பு இல்லை என்பதால் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

இல்லாமற் போனது எப்படி என்பதை 2017இல் பீட்டர் கால்ட்டனும் அய்யாசாமியும் எழுதிய கட்டுரை தெளிவாக்கியது. களத்தில் பிளாஸ்டர் உறையிட்டுக் கட்டிய எலும்புகள், ஆய்வுத் துறையின் இருப்புக்குப் போய்ச் சேருமுன்பே உறைக்குள்ளே நொறுங்கத் தொடங்கிவிட்டன. இன்று அவை இல்லை. கல்லமேட்டுக் களியின் குணமே இதற்குக் காரணம். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணோடு மண்ணாக இறுகி நின்ற எலும்பு, வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டதும் சில வாரங்களில் பொடியாகிவிடும். எலும்புக்குள் பசை ஊட்டி இறுக்கும் முறை அன்று எல்லாக் களத்திலும் வழக்கத்தில் இருந்தது என்று சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய எலும்பென்றால் உறையோடு சேர்ந்த எடையும் சாமானியமானதல்ல.

2022இல் சௌரப் பால் என்ற ஆய்வாளரும் அய்யாசாமியும் ‘காவிரியின் காணாமற்போன பேருயிர்’ என்று பொருள்படும் தலைப்பில், களத்தில் எடுத்த பழைய நிழற்படங்களை முதன்முறையாக வெளியிட்டார்கள். இடுப்பெலும்பும் கீழ்க்கால் எலும்பும் அவற்றில் தெரிகின்றன. கல்மர ஐயம் பெருமளவு நீங்கியது. விலங்கு சோரோபாட்தான் என்ற கருத்தும் உறுதிப்பட்டது.

எடைக் கணக்கு

அடுத்த ஆண்டே கிரிகரி பாலும் அசியர் லார்ரமெண்டியும் ‘லெத்தாயா’ இதழில் எடைக் கணக்கை வெளியிட்டார்கள்: 110 முதல் 170 டன்வரை இருக்கலாம், 110 முதல் 130 டன்வரை என்பது அடக்கமான மதிப்பு. பெரிய நீலத் திமிங்கிலங்களோடு ஒப்பிடக்கூடிய எடை. செய்தித்தாள்கள் இதை விடுமா?

இந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்பது நல்லது. மற்றொரு பெரிய டைட்டனோசாரான அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர். கல்லமேட்டு எலும்பு 2 மீட்டர். நீளத்தில் 29 விழுக்காடுதான் கூடுதல். ஆனால் உடல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரே விகிதத்தில் வளர்ந்தது என்று கொண்டால் எடை 1.29ஐ மூன்றுமுறை பெருக்கிய அளவு, அதாவது 2.15 மடங்காகிவிடும். அர்ஜென்டினோசாரஸுக்கு 65 முதல் 75 டன் என்று வைத்தால் கல்லமேட்டு விலங்குக்கு 140 முதல் 160 டன் வருகிறது. மூலத்தில் ஒரு சிறு அளவுப் பிழை இருந்தாலும் கணக்கு டன் டன்னாக மாறும். எலும்பின் முனை எங்கே முடிந்தது, ஒட்டிக்கிடந்த பாறையும் சேர்த்து அளக்கப்பட்டதா, உடைந்த துண்டுகளைப் பொருத்தியபோது இடைவெளி விடப்பட்டதா என்ற கேள்விகளுக்கு நிழற்படம் பதில் சொல்லாது.

எனக்கு இதில் உறுத்தும் இடம் இலியம். அர்ஜென்டினாவின் ட்ரெட்னாட்டஸ் என்ற டைட்டனோசாரின் இலியம் 1.31 மீட்டர், கீழ்க்கால் எலும்பு 1.2 மீட்டர். அங்கே இடுப்பெலும்பு கீழ்க்காலைவிடச் சற்று நீளம். கல்லமேட்டிலோ இலியம் 1.2 மீட்டர், கீழ்க்கால் 2 மீட்டர். இரண்டும் ஒரே விலங்கினுடையவை என்றால் உடலமைப்பு விசித்திரமானது. இல்லையென்றால் இலியம் உடைந்த துண்டாக இருக்க வேண்டும், அல்லது இரு விலங்குகளின் எலும்புகள் கலந்திருக்க வேண்டும், அல்லது கால் எலும்பின் அளவு கூடிப்போயிருக்க வேண்டும். இலியத்தை அளவுகோலாகக் கொண்டிருந்தால் யாரும் திமிங்கிலத்தைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். உலகச் சாதனை என்று கொண்டாடுவதற்கு முன் இந்தப் பொருத்தமின்மையை ஆய்வாளர்கள் நேரே எதிர்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு பல்லின் நூற்றாண்டு

இதற்கு நேர்மாறான வரலாறு வடக்கே இருக்கிறது. 1915இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கய் பில்கிரிம், சிவாலிக் படிவுகளில் கிடைத்த ஒரேயொரு பெரிய கடைவாய்ப்பல்லை வைத்து ட்ரையோபிதிகஸ் ஜைகாண்டியஸ் என்ற வாலில்லாக் குரங்கினத்துக்குப் பெயரிட்டார். 1935இல் ரால்ஃப் ஃபான் கோனிக்ஸ்வால்ட், ‘நாகப் பற்கள்’ என்ற பெயரில் ஹாங்காங் சீன மருந்துக்கடையில் விற்ற பற்களிடையே இன்னும் பெரியதொன்றைக் கண்டு ஜைகாண்டோபிதிகஸ் பிளாக்கி என்றார். 1940களில் ஃபிரான்ஸ் வைடன்ரைஷ் அதை மனிதனின் இராட்சத மூதாதை என்றே வாதிட்டார். 1950இல் கோனிக்ஸ்வால்ட், பில்கிரிமின் இந்தியப் பல்லைப் பிரித்தெடுத்து இந்தோபிதிகஸ் என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்.

பிறகு இமாசலப் பிரதேசத்துப் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஹரிதல்யங்கர் அருகே ஊர்க்காரர் ஒருவர் நெடுநாள் எடுத்து வைத்திருந்த கீழ்த்தாடை 1968இல் ஆய்வாளர் கைக்கு வந்தது. எல்வின் சைமன்ஸும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் எஸ். ஆர். கே. சோப்ராவும் 1969இல் அதை ஜைகாண்டோபிதிகஸ் பிலாஸ்பூரென்சிஸ் என்றார்கள். 1970களில் அதையும் மனித வழியில் சேர்க்கச் சிலர் முயன்றார்கள். 1979இல் சாலேயும் டெல்சனும் பல்லும் தாடையும் ஒரே இனத்தவை என்று இணைத்தார்கள். 2000க்குப் பிறகு டேவிட் கேமரன் முதலானோர் இந்தோபிதிகஸ் என்ற பழைய பெயருக்கே திரும்பினார்கள். ஹரிதல்யங்கர் தாடையின் வயது இப்போது சுமார் 86 லட்சம் ஆண்டு என்று கணிக்கப்படுகிறது. சீனத்து இராட்சதக் குரங்கைவிட மிக மூத்தது.

நூறாண்டில் இத்தனை பெயர் மாற்றம் என்று பார்த்தால் குழப்பம்போலத் தெரியும். ஆனால் மாற்றியவர் ஒவ்வொருவரும் அதே பல்லையும் அதே தாடையையும் எடுத்துப் புதிய சான்றுகளோடு வைத்துப் பார்த்தே மாற்றினார். சீனத்து விலங்கின் கதையோ இன்னும் மேலே போயிற்று. நான்கு தாடைகளும் ஏறக்குறைய 2,000 பற்களும் சேர்ந்துவிட்ட நிலையில், 2019இல் 19 லட்சம் ஆண்டு வயதுடைய பல் ஒன்றின் எனாமலிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து, அது ஒராங்குட்டானின் நெருங்கிய உறவு என்று ஃபிரிடோ வெல்கர் குழுவினர் காட்டினார்கள். மனித மூதாதை வாதம் அத்தோடு முடிந்தது. 2024இல் குவாங்ஷி குகைகளின் காலக்கணிப்பு, அவ்விலங்கு 2,95,000க்கும் 2,15,000க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன் மறைந்தது என்றது. மருந்துக்கடைப் பல்லில் தொடங்கிய ஆய்வு புரதம்வரை போனதற்குக் காரணம், பற்கள் பேழையில் இருந்ததுதான்.

அரியலூரில் மற்றவை

கல்லமேட்டு விலங்கு தனியொரு விபத்து என்று நினைக்க வேண்டாம். அதே யாதகிரியும் அய்யாசாமியும் 1979இல் திருச்சிராப்பள்ளித் தொகுதிப் பாறைகளிலிருந்து திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி என்ற விலங்கை முதுகுத் தகடுள்ள ஸ்டெகோசார் என்று விவரித்தார்கள். 1996இல் சாட்டர்ஜியும் ருத்ராவும் அது கடலில் வாழ்ந்த பிளீசியோசார் என்றார்கள். 2017இல் கால்ட்டனும் அய்யாசாமியும் அதை மறுத்தார்கள். வழக்கு முடியவில்லை, மூல எலும்புகளைப் புதிதாக விவரித்தால்தான் முடியும்.

கல்லமேட்டிலேயே உறுதியான கண்டுபிடிப்பும் உண்டு, அளவில் மிகச் சிறியது. களியைச் சலித்துப் பொறுக்கியவற்றில் ஒரு பல்; அதை 2013இல் கோஸ்வாமி, பிரசாத் முதலான ஆய்வாளர்கள் ட்ரூடோன்டிட் என்ற சிறு ஊன் உண்ணியின் பல் என்று அறிவித்தார்கள். அதுவரை வட கண்டங்களில் மட்டும் தெரிந்திருந்த கூட்டம் அது. இந்தியா தனித்தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே எவை வாழ்ந்தன என்ற கேள்விக்கே அது திருப்பம் தந்தது. 2 மீட்டர் எலும்பைவிட இந்தத் துளிப் பல் ஆய்வுலகில் பலமாக நிற்கிறது, மறுப்பவர் அதை எடுத்துப் பார்த்து மறுக்கலாம் என்பதால்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் குளத்தை ஆழப்படுத்தியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று சேதி பரவி ஊரே திரண்டது. அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு உருண்டைகள் அவை என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். ஊராரின் ஆர்வத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையே தெரிகிறது: ஹரிதல்யங்கர் தாடையும் ஊர்க்காரர் ஒருவர் எடுத்து வைத்ததால்தான் தப்பியது.

பிருஹத்காயோசாரஸ் என்ற பெயருக்கு இனி என்ன வழி? விலங்கியல் பெயரிடல் விதிகளில் அதற்கு இடம் உண்டு. பெயருக்கு ஆதாரமான மூலமாதிரி அழிந்துவிட்டதென்று உறுதியானால், மூல இடத்துக்கு இயன்றவரை அருகிலிருந்து கிடைக்கும் வேறொரு மாதிரியைப் புதிய மூலமாதிரியாக அறிவிக்கலாம். அதற்குக் கல்லமேட்டுக் களியிலிருந்து இன்னொரு பெரிய எலும்பு கிடைக்க வேண்டும். அகழ்வை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்தாக வேண்டும். எலும்பு வெளியே தெரிந்த அன்றே பசை ஊட்டி இறுக்க வேண்டும். களத்திலேயே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து முப்பரிமாண உரு செய்து வைக்க வேண்டும். அரியலூர் வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகம் ஒன்று இப்போது இருப்பதால், எலும்பு ஆய்வுத் துறையின் இருப்பைத் தேடிக் கொல்கத்தாவரை பயணம் போக வேண்டிய கட்டாயமும் இல்லை.